போர்வையின் மறுபக்கம்

துணியில் அச்சிட்ட படத்தைப் புரட்டினால் வெறும் வெள்ளைதான் இருக்கும். புகைப்படங்களைத் துணியில் அச்சிட்டு, சதுரம் சதுரமாக இணைத்து, பஞ்சு விரித்துப் போர்வை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அது அவளுக்குத் தெரியாதா? மறுநாள் வேலைக்காக வெளியூர் கிளம்பும் மகளுக்கென்று குடும்பப் படங்களை இணைத்து முடித்து, பஞ்சு வைப்பதற்கு முன் தையல் மடிப்புகளை இஸ்திரி போடப் புரட்டியபோது, ஒரு சதுரத்தின் பின்னால் கறுப்பாக ஏதோ தெரிந்ததும், மை ஊறிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

மை ஊறியிருந்தால் முகம் இடவலம் மாறித் தெரியும். இங்கே தெரிந்தது பின்னந்தலை. நேர்வகிடு, இரட்டைச் சடை, கவுனின் முதுகுப் பொத்தான். சிறுமியாக மகள் சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தை எடுத்தபோது பின்னாலிருந்து யாரும் படமெடுக்கவில்லை.

சாயங்கால மழை ஜன்னல் தகரத்தில் ஓயாமல் கொட்டியது. இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் ஈரத்துணி வாடை அறையெங்கும் கனத்தது.

"சின்னு, இங்க வாயேன்."

மகள் தன் தோளைப் பிடித்துவிட்டபடியே வந்து குனிந்து பார்த்தாள். "அட, எல்லார் முதுகையும் போட்டிருக்க! எப்படிம்மா பண்ண?"

"நான் எதுவும் பண்ணலடி."

"சும்மா கதை விடாத. ஆமா, உன் முதுகுல யாரு தொங்கறது?"

சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

கல்யாணப் படம். கணவனின் அகலமான முதுகு, பக்கத்தில் அவளுடையது. அதைப் பின்னாலிருந்து இறுகக் கட்டிக்கொண்டு ஒருத்தி. இடுப்பு வரை ஈரமாய் ஒட்டிய கூந்தல். முகம் முழுக்க அவள் முதுகில் புதைந்திருந்தது.

அடுத்த சதுரம். கைக்குழந்தையோடு அவள். முதுகில் அதே ஈரக் கூந்தல்காரி.

அதற்கடுத்ததிலும்.

தோள்பட்டைகளுக்கு நடுவே இத்தனை காலம் உட்கார்ந்திருந்த வலி அவள் நினைவுக்கு வந்தது. குனிந்தே தைப்பவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டிருந்தாள். சில வாரங்களாக அது மாயமாய் மறைந்திருந்தது. புது எண்ணெய் கேட்டிருக்கிறது என்று அக்கம்பக்கத்திலெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

கடைசிச் சதுரம். மகளுக்கு வேலை கிடைத்த அன்று இருவருமாக வாசலில் எடுத்தது.

அவள் முதுகு காலியாக இருந்தது.

மகளுடையது காலியாக இல்லை.

"அம்மா," வாசலில் மகளின் குரல். "அந்த எண்ணெயைக் கொடேன், எடுத்துட்டுப் போறேன். தோள் ரெண்டும் இறங்குது."

எழுந்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, நாளைக்குத்தானே கிளம்பறேன்? இப்பவே அழுவியா?"

கைகளை மகளின் முதுகுக்குப் பின்னால் கோக்கப் பார்த்தாள். எட்டவில்லை. ஒல்லிப் பெண். ஒரு கைக்குள் அடங்குபவள். எட்டவில்லை.

உள்ளங்கைகளில் ஈரம். கூந்தல். அதற்கடியில் எலும்பு துருத்திய இன்னொரு முதுகு. சில்லென்று. மகளின் மூச்சோடு சேராமல், தனியாக ஏறி இறங்கியது.

கையை எடுக்கவில்லை. எடுத்தால் மகளோடு போய்விடும்.

"விட்டுடு," என்றாள், வாய்க்குள். "எங்கிட்டயே வந்துடு."

"விடறதா? நீதாம்மா என்னைப் பிடிச்சிருக்க."

மூச்சு நின்றது. மகளுடையது அல்ல.

அவள் கைகளுக்குள்ளேயே அந்த முதுகு மெல்லத் திரும்பத் தொடங்கியது. விலா. தோள். ஈரக் கன்னம்.

அவள் உள்ளங்கையில் ஒரு வாய் திறந்தது.