பிரிக்காத பொட்டலம்

துவைக்க எடுத்த கணவன் கதிர்வேலின் சட்டைப் பையில் லோகப்பிரியாவின் விரலுக்கு ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. இலையில் மடித்து நாரால் கட்டிய பூப்பொட்டலம். காலையில் கோயிலில் பூக் கேட்டபோது எடுபடாமல் கிடந்த இரண்டாவது பொட்டலம். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை.

அன்னூருக்குக் கிழக்கே, கதிர்வேலின் அண்ணன் அப்புசாமியின் தோட்டத்தில் வானத்திலிருந்து அந்தக் கல் விழுந்து ஒரு மாதம் ஆகிறது. தேங்காய் அளவுதான், கருகியிருந்தது. அவர் அதை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்த மறுநாளே, ஆயிரம் அடிக்குக் கீழேயும் புழுதி கக்கிய போர்வெல்லில் தண்ணீர் பொங்கியது. ஊரே கல்லுக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டது. பிறகு அவர் மனைவி சுப்பாத்தாள் கல்லுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி மூன்று நாள் நின்றாள். நான்காம் நாள் அடக்கம் செய்தார்கள். கல்லைக் கோயிலுக்கு மாற்றியதும் போர்வெல் வறண்டது.

கல்லைக் கதிர்வேல் வீட்டில் வைக்கலாமா என்று சாமியிடம் கேட்டார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு; வெள்ளை வந்தால் வைப்பது. சிவப்பு வந்தால் பாழுங்கிணற்றில் போடுவது. ஏழு வயது மகள் பூஜிதாவையே எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. லோகப்பிரியா அழுதாள். "நானுஞ் சிவப்புத்தான் வேண்டுனேன், அம்மணி. சாமி சொல்லிப்போட்டுது," என்று கதிர்வேல் அவள் கண்ணைத் துடைத்தான். கல்லைப் பின்னறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அவள் நாரை அவிழ்த்தாள். சிவப்பு இருக்க வேண்டும்.

வெள்ளை அரளி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் போடாமலேயே வாசல் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் சுவர் வழியாக வந்தது. அதோடு பழுக்கக் காய்ச்சிய இரும்பில் ஈரமண்ணை அப்பியது போன்ற ஒரு வாடை. பூஜிதாவைக் கூப்பிட்டாள். வாசலுக்கு வந்தாள்.

கதிர்வேல் தொட்டியடியில் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, பாப்பா எங்கீங்க?"

அவன் நிமிரவில்லை. "ஊட்டுல ஒருத்தராச்சு கல்லு முன்னால நிக்கோணும்னு அண்ணன் சொன்னாரு. நீ நின்னா சோறாக்க ஆளில்ல, அம்மணி."

ஓடினாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. இருட்டு. குளிர்.

கல்லுக்கு முன்னால் பூஜிதா. அண்ணாந்து நின்றாள். வாய் பிளந்திருந்தது.

வாய் நிறையத் தண்ணீர். உதடு வரைக்கும். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மூச்சு இல்லை. கண் மட்டும் மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தது.