கடலிடம் சொன்ன சொல்

கடல் கண்ணில் படுவதற்கு முன்பே பிள்ளையின் தலையில் உப்பு வாசம் அடித்தது. புஷ்பவள்ளி மறுபடியும் குனிந்து முகர்ந்து பார்த்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து செல்லத்துக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே இல்லை. முடி காய்ந்து பறந்தது. ஆனாலும் பாசியும் உப்பும் ஈர மணலும் கலந்த அந்த வாசம் இருந்தது. லாரியோ இன்னும் ரப்பர் மரங்களுக்கு நடுவேதான் குலுங்கிக்கொண்டிருந்தது. மெர்சிங் கடற்கரைக்கு வெகு தூரம் இருந்தது.

"நேரா ஜொகூர் பாரு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரே கைய விரிச்சுட்டாரு," என்றான் அவள் புருஷன் அய்யாவு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். தோட்டத்து லாரியை ஓட்டுகிறவன் அவன்தான். துரையிடம் கெஞ்சி ஒரு நாளைக்கு வாங்கியிருந்தான்.

"போலாங்க. கடல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உடனே போயிரலாம். இன்னொரு புள்ளைய நான் குடுக்க மாட்டேன்."

அந்தக் கடற்கரை என்றால் ஒரு காலத்தில் அவளுக்கு உயிர். கல்யாணமான வருஷத்திலிருந்து மாசி மகம் வந்தால் போதும், தோட்டத்துச் சனங்களோடு லாரியில் ஏறி அங்கேதான் போவாள். சவுக்கு மரத்தடியில் புளிச்சோறு, மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் வாங்கிச் சுட்ட மீன். வருஷமெல்லாம் ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன கையை அந்தத் தண்ணீரில் நனைத்தாலே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அதே தண்ணீர்தான் மூத்தவள் ராஜம்மாவைக் கொண்டுபோயிற்று. எட்டு வயசு. உடம்புகூடக் கிடைக்கவில்லை.

அன்றைக்கு லாரி கிளம்பும்போது கடலைப் பார்த்து, "கண்ணு, அம்மா போயிட்டு வர்றேன்," என்றாள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி! எழவு விழுந்த எடத்துல யாருடி போயிட்டு வர்றேன்னு சொல்லுவா? சொல்லாமக் கொள்ளாம, திரும்பிப் பாக்காம வரணும்டி!" சாவு நடந்த இடத்தில் அப்படிச் சொன்னால் சாவு காத்துக்கொண்டிருக்கும் என்பது தெரியாதவளா அவள்? தெரிந்து என்ன செய்ய, பெற்ற வாய் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை.

பிறகு பிறந்தவள் செல்லம். நாலு வயசு. அக்கா ஒருத்தி இருந்தாள் என்று அவளிடம் யாரும் மூச்சு விட்டதில்லை. அந்தப் பிள்ளை காய்ச்சலில் கண்ணைத் திறக்காமல், "அக்கா கேக்குதும்மா. வர்றேன்னு சொன்னியாமே, எப்ப வருவே?" என்றபோது புஷ்பவள்ளி பாய்ந்து அதன் வாயைப் பொத்தினாள். சொன்ன சொல்லை வெட்டிவிட வேண்டும். கடலுக்கு முன்னால் நின்று, எந்த வீட்டு வாசலிலும் யாரும் சொல்லாத 'போறேன்' என்ற வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளை பிழைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

பொழுது சாயும்போது கரை வந்தது. அய்யாவு எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் கைப்பிடியைச் சுழற்றி மறுபடி கிளப்புவது பெரும்பாடு. "சட்டுனு வந்துரு," என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்தினான்.

தண்ணீர் வற்றி வெகு தூரம் உள்ளே போய்க் கிடந்தது. சவுக்குக் கிளைகள் காற்றில் ஆடின, ஆனால் அவளுக்குப் பழக்கமான அந்த உஸ்ஸென்ற ஓசை வரவில்லை. கம்பத்திலிருந்து கருவாட்டு வாசம் வந்தது, மனிதக் குரல் ஒன்றுகூட வரவில்லை. ஈர மணலில் அவள் பாதம் பதிகிற சத்தம் கேட்டது, அதற்குச் சற்றுப் பிந்தி, சின்னதாக, இன்னொரு பாதம் பதிகிற சத்தமும் கேட்டது. நின்றாள். அதுவும் நின்றது.

தண்ணீரோரம் செல்லத்தை மணலில் உட்காரவைத்தாள். "அம்மா இங்கதான்டா இருக்கேன்." மடியில் முடிந்து வந்த ராஜம்மாவின் கண்ணாடி வளையல்களை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணீரில் விட்டாள். ஒரு அலை அவள் முழங்காலைத் தாண்டிப் பின்னால் ஓடிற்று.

திரும்பினாள். பிள்ளையைக் காணோம்.

"ஐயோ, செல்லம்!"

நுரைக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினாள். ஒரு சின்னக் கை அகப்பட்டது. இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். பிள்ளை கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது. உடம்பு சில்லென்றிருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது! மாரியாத்தா, காப்பாத்திட்டியே! அழுதுகொண்டே கடலைப் பார்த்துக் கத்தினாள்.

"போறேன்! நான் போறேன். இனிமே வரமாட்டேன். என்னைக் கூப்பிடாதே!"

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தூரத்தில் லாரி விளக்கு மஞ்சளாக எரிந்தது.

பிள்ளை கனத்தது. நனைந்த துணி, அதனால்தான். இன்னும் கனத்தது. கழுத்தில் ஏதோ சில்லென்று உரசியது.

கண்ணாடி வளையல்.

செல்லத்தின் கால் அவள் தொடைக்குக் கீழே எட்டாது. இப்போது இரண்டு ஈரக் குதிகால்கள் அவள் முழங்காலுக்குக் கீழே இடித்தன. இடித்துக்கொண்டே வந்தன.

பின்னால், தண்ணீருக்குள்ளிருந்து, ஒரு இருமல். காய்ச்சலில் கம்மிப்போன குரல்.

"அம்மா... என்னை விட்டுட்டு எங்கம்மா போற?"

அய்யாவு லாரிப் பக்கமிருந்து கத்தினான். "புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?"

அவள் கடல் பக்கம் திரும்ப முயன்றாள்.

இரண்டு ஈரக் கைகள் அவள் கன்னங்களைப் பிடித்தன. முகத்தைக் கரைப் பக்கமே திருப்பி வைத்தன.

"திரும்பிப் பாக்கக் கூடாதும்மா," என்றது மார்போடு ஒட்டியிருந்தது. "தங்கச்சிகிட்டத்தான் போறேன்னு சொல்லிட்டியே."

பின்னால் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.