லான்டி கடைசியாகச் சொன்னது

காலை ஆறு மணி. சார்ஜென்ட் ஐசக் டைசன் வந்தபோது லான்டி தன் ஆட்டுப் பண்ணை முற்றத்தில் மல்லாந்து கிடந்தான், உயிரில்லாமல். பின்மண்டையில் அடி. வழிந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. வலது உள்ளங்கை மட்டும் செக்கச்செவேலென்று இருந்தது.

பத்தடி தள்ளி, வாசற்படியில், அவன் மனைவி நெல்லி நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். லான்டியின் அண்ணன் வில்ஃப், பக்கத்துப் பண்ணைக்காரன், கோட்டுப் பைகளுக்குள் கைவிட்டபடி மதிலோரம் நின்றான்.

"நீ பாக்கும்போது உசுரு இருந்துச்சா, நெல்லி?"

"இருந்துச்சுண்ணே. மலையிலேருந்து தள்ளாடி வந்து விழுந்தாரு. ஓடினேன். கையத் தூக்கித் தடுத்தாரு. 'ஸ்மிட்'னாரு. அதோட சரி."

"அப்புறம்?"

"கிட்டப் போகல."

அந்த வசந்தத்தில் பள்ளத்தாக்கு முழுக்க விஷக்காய்ச்சல். கம்பர்லாண்ட் மலைக்காரர்கள் பேச்சில் தொற்றுநோய்க்கு 'ஸ்மிட்' என்றுதான் பெயர்.

"வயித்துப் புள்ளைக்கு ஒட்டிக்கும்னு சொல்றாருன்னு நெனச்சேன். இங்கேயே நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

"காய்ச்சல் மயக்கத்துல விழுந்திருப்பான்," என்றான் வில்ஃப்.

ஐசக் குனிந்து, லான்டியின் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிசுபிசுத்தது. எழுந்து தொழுவத்தை எட்டிப் பார்த்தார். லான்டியின் ஆடுகள் எல்லாவற்றின் தோளிலும் நீலப் பூச்சு, அவன் மந்தையின் அடையாளம்.

"உன் ஆட்டுக்கு என்ன நிறம், வில்ஃப்?"

"தெரியாத மாதிரி கேக்குறியே."

"கையக் காட்டு."

"குளிருது."

"காட்டுடா!"

வில்ஃபின் நகக்கண்களில் சிவப்பு ஏறியிருந்தது. சோப்புக்கு மசியாத சிவப்பு.

"ரத்தம்னா இந்நேரம் கறுத்திருக்கும்," என்றார் ஐசக். "இது ஆட்டுக்குப் பூசுற சாயம். ஸ்மிட்னா ஆதியில கறை, பூசுறதுன்னுதான் அர்த்தம். ஆட்டு அடையாளத்துக்கும் அதுதான் பேரு, ஒட்டிக்கிற நோய்க்கும் அதுதான். மலையில தம்பி குட்டிங்கள உன்னதாக்கிக்க, அதுங்களோட நீலத்து மேல உன் சிவப்பப் பூசிக்கிட்டிருந்த. அவன் பாத்துட்டான். உன் கையப் புடிச்சான்."

வில்ஃப் மதிலோடு சரிந்து உட்கார்ந்தான். "தள்ளித்தான் விட்டேன், ஐசக். பின்னாடி பாறை இருந்ததப் பாக்கல. சத்தியமா பாக்கல."

"லான்டி நோயச் சொல்லல. கைய நீட்டித் தடுக்கவும் இல்ல. சாயத்தக் காட்டினான்."

சொல்லி முடித்த பிறகுதான் ஐசக் வாசற்படியைப் பார்த்தார்.

"அப்போ," என்றாள் நெல்லி மெதுவாக, "நான் தொட்டிருக்கலாமா?"

"தொட்டிருந்தாலும் பொழச்சிருக்க மாட்டான்மா. அடி அப்படி."

"பொழைக்கிறதக் கேக்கலண்ணே."

ஐசக் தொப்பியைக் கழற்றினார்.

"ரெண்டு தடவ கண்ணத் தொறந்து என்னையே பாத்தாரு," என்றாள். "வா, வான்னுதான் பாத்தாரு போல."