முப்பத்தாறு காலைகள்

திருச்சுழியில் ஸ்டூடியோ வைத்திருந்த ராஜகுருவுக்கு, கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவள் தீபலட்சுமி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று மாசம் ஆனதிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் ஸ்டூடியோவின் கை வைத்த நாற்காலியைப் போட்டு, பிள்ளையைச் சாய்த்து உட்கார வைத்து ஒரு படம். ஒன்றே ஒன்றுதான். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு நாள்.

முதல் ரோலின் பன்னிரண்டாம் நாள், படம் எடுத்து முடித்த பிறகு, மத்தியானம் எம்.ரெட்டியபட்டியில் ஒரு சாவு. செத்தவரை மாலையோடு உட்கார்த்திப் படம் எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ராஜகுரு தன் நாற்காலியையே கொண்டுபோனான். கிழவரைச் சாயாமல் வேட்டியால் கட்டினார்கள். வீடு திரும்பியதும், இருந்த தண்ணீரில் தலை முழுகினான். நாற்காலியையும் கழுவியிருக்க வேண்டும். எண்பத்தேழு சித்திரை, நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். துணியால் துடைத்து வைத்தான்.

அதற்குப் பிறகு பிள்ளை ரொம்பத் தூங்கினாள்.

"வெக்கைக்குத்தான்" என்றாள் மனைவி அனுசியா. அடுத்த வாரம் பால் குடிக்கக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டை டாக்டர் ஒன்றுமில்லை என்றார். நாற்காலியில் வைத்தால் மட்டும் விழித்துக் கேமராவையே பார்ப்பாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே ராஜகுரு விடாமல் எடுத்தான்.

ரோல் முடிந்த அன்றே இருட்டறைக்குள் போனான். சிவப்பு பல்பு. மருந்து நெடி. முகங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. முதல் பன்னிரண்டு படத்திலும் சிரிப்பு.

பதின்மூன்றில் இமை லேசாக இறங்கியிருந்தது.

இருபதில் பாதிக் கண்.

முப்பதில் ஒரு கீற்று.

தினமும் கண்ணைத் திறந்துகொண்டுதானே இருந்தாள்! பார்த்துத்தானே அமுக்கினான்!

முப்பத்தாறில் கண் முழுக்க மூடியிருந்தது. பிள்ளையின் மார்புக்குக் குறுக்கே ஒரு வேட்டிக் கட்டு.

பிள்ளையிடம் ஓடினான். பிள்ளைக்கு மூச்சு இருந்தது, உலுக்கியும் எழவில்லை. எல்லாவற்றையும் அனுசியாவிடம் கொட்டினான்.

"சாவு வீட்டுச் சேரையா எம்புள்ளைக்குப் போட்டீக?"

அவள் அழவில்லை. நாற்காலியைத் தலையில் தூக்கினாள். "தள்ளுங்க. நீங்க தொட்டது போதும்."

ஊருணிக் கரையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். அது எரிந்து முடிவதற்குள் வீட்டில் பிள்ளை பசியில் வீறிட்டாள். அதைக் கேட்டு ராஜகுரு தேம்பித் தேம்பி அழுதான்.

மறுநாள் மனசு கேட்கவில்லை. பிள்ளை நிஜமாகவே தப்பித்தாளா என்று பார்த்தே ஆக வேண்டும். அனுசியாவின் மடியில் வைத்து ஒரு படம் எடுத்து, உடனே பிரிண்ட் போட்டான்.

பிள்ளையின் கண்கள் அகலத் திறந்திருந்தன. அப்பாடா என்று மூச்சு விட்டவன், படத்தில் பிள்ளைக்கு மேலே பார்த்தான்.

அனுசியாவின் இமைகள் லேசாக இறங்கியிருந்தன.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, உலையைச் சித்தப் பாத்துக்கிறீகளா? கண்ணைச் சொருகிக்கிட்டு வருது."