திரையில் தெரியாத கை

ரக்ஷனாவின் அம்மா சந்திரமதிக்கு வலது தோள் இறுகிப்போய் நான்கு மாதமாகிவிட்டது. சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் அவருக்கு வேலை. மேல் தட்டுக்குக் கை எழும்பவில்லை என்றதும், கடைக்காரர் அவரைப் பின்னறையில் விலைச்சீட்டு ஒட்டச் சொல்லிவிட்டார்.

"கை சரியாயிடுச்சுன்னு கிளினிக்கில லெட்டர் வாங்கிட்டு வாங்க. அப்புறம் முன்னாடி நிக்கலாம்" என்றார்.

செங்காங்கில் இருக்கும் வீட்டிலிருந்தே சிகிச்சை. புதன்கிழமைதோறும் டேப்லட்டில் அமீரா வருவார். அவர் பிசியோதெரபிஸ்ட். ஆங்கிலத்தில் பேசுவார். பத்து வயது ரக்ஷனா பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்வாள்.

"கையைப் பக்கவாட்டில தூக்குங்க, ஆன்ட்டி. வலிக்குதா?" என்று அமீரா கேட்பார்.

"இல்ல லா, ஓகே ஓகே!" என்று அம்மா சிரிப்பார்.

முடிந்ததும், சிகிச்சை திருப்தியாக இருந்ததா என்று திரை கேட்கும். அம்மா ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்துவார்.

ஐந்தாவது வாரம், தண்ணீர் எடுக்கப் போன ரக்ஷனா திரும்பும்போது மேசையின் மறுபக்கம் நின்று பார்த்தாள். திரையில் அம்மாவின் முகமும், உயர்ந்த விரல்களும் மட்டும்தான் தெரிந்தன. கேமராவுக்குக் கீழே, அம்மாவின் இடது கை வலது முழங்கையை முட்டுக்கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தது.

"நல்ல முன்னேற்றம்! அடுத்த வாரத்தோட முடிச்சிடலாம். லெட்டர் தரேன்" என்றார் அமீரா.

திரை அணைந்ததும் ரக்ஷனா கேட்டாள். "ஏம்மா பொய் சொன்னீங்க?"

"லெட்டர் வந்தாத்தான் எனக்கு என் இடம் கிடைக்கும். நீ வாயத் திறக்காதே."

மறுநாள் காலையில் அம்மா மிளகாய்த்தூள் புட்டியை எடுக்கக் கையை நீட்டினார். புட்டி விழுந்து உடைந்தது. சமையலறை முழுக்கச் சிவப்புத் தூள். இருவரும் மாறிமாறித் தும்மினார்கள். ரக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் பார்த்தாள், அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கண்ணீர் வழிந்தது.

"மிளகாய்டி" என்றார் அம்மா.

அடுத்த புதன்கிழமை, அமீரா சொன்னபடி அம்மா கையைத் தூக்கத் தொடங்கியதும், ரக்ஷனா டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு கதவுவரை பின்னால் போனாள்.

"அம்மாவ முழுசா பாருங்க" என்றாள்.

"ஏய், என்ன பண்றே?" என்று அம்மா பதறினார்.

"ஆன்ட்டி, இடது கையைக் கீழே விடுங்க. இப்பத் தூக்குங்க" என்றார் அமீரா. ரக்ஷனா அதைத் தமிழில் சொன்னாள்.

வலது கை இடுப்பளவுக்கு வந்து நின்றுவிட்டது.

அமீரா திரைக்கு அருகில் குனிந்தார். "எழுந்து பின்னால நில்லுங்கன்னு நான் முதல் நாளே சொல்லியிருக்கணும். அத்தனை நட்சத்திரத்தையும் அப்படியே நம்பிட்டேன். ஆறு வாரம் வீணாப் போச்சு. சாரி, ஆன்ட்டி. லெட்டர் இப்பத் தர முடியாது. வெள்ளிக்கிழமை நேர்ல வாங்க."

அன்று முழுக்க அம்மாவின் கோபம் தணியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் அமீரா தோளைத் தொட்டுத் திருப்பியபோது, "ஐயோ, வலிக்குது!" என்று அம்மா கத்தியே விட்டார். "எங்க வலிக்குது?" என்று அமீரா கேட்டார். அம்மா ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். ரக்ஷனா எதையும் குறைக்காமல் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள்.

குணமாக இன்னும் பல மாதம் ஆகலாம் என்றார் அமீரா. அந்த வாரமே கடையின் முன்பக்கத்தில் அம்மாவின் இடத்துக்குப் புது ஆள் வந்துவிட்டார். அம்மா பின்னறையிலேயே இருந்தார்.

சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய அம்மா அறையைவிட்டு வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. ரக்ஷனாவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"முதுகுல இந்த ஜிப்பை மேல இழுத்துவிடு. எனக்கு எட்டல."

ரக்ஷனா நாற்காலியிலிருந்து குதித்து ஓடினாள்.