பின் பம்பரின் இடது மூலை

பின்னால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் ரிவர்ஸ் கியர் போட்டதும் கார் பீப் பீப் என்று கத்தியது. பட்டறையின் ஈரச் சிமெண்டுத் தரையும், கழற்றிப் போட்ட டயர்களும், அவற்றுக்கு அப்பால் தூறலில் மங்கிய மதிற்சுவரும் தவிர, கண்ணாடியில் வேறெதுவும் தெரியவில்லை.

"பாத்தியாண்ணா? வாங்கின நாள்லேர்ந்து இதே ரோதனை," என்றான் சின்னவன். "நீ கை வெச்சா சரியாயிடும். நாங்க கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

பெரியவன், சின்னவன். அப்பா கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. ஊரார் கார்களின் வயர்களோடு பாதி ஆயுளைக் கழித்த பெரியவனுக்கு ஒரு லொடலொட ஸ்கூட்டர். ஃபியூஸ் எங்கே இருக்கிறதென்றே தெரியாத சின்னவனுக்குக் கார். "செகண்ட் ஹேண்ட்தாண்ணா" என்று அவன் காட்டிய அடக்கத்தைப் பார்க்கத்தான் பெரியவனுக்கு அதிகமாக வயிறு எரிந்தது. இப்போது மனைவிக்குக் குடை பிடித்துக்கொண்டு போகிறான். நடுவில் மகள் குட்டி குதித்துக்கொண்டு போகிறாள். பெரியவன் வீட்டில் தொட்டிலே கட்டியதில்லை.

எரிச்சலை வேலையில் காட்டினான். சாவியை ஆன் செய்து, ரிவர்ஸில் விட்டுவிட்டு, பம்பரில் பொத்தான் போலப் பதிந்திருந்த, எதுவும் நெருங்கினால் உணரும் சென்சார்களில் ஒவ்வொன்றாகக் காதை வைத்தான். உயிருள்ள சென்சார் கைக்கடிகாரம் போல மெல்லத் துடிக்கும். செத்தது சும்மா கிடக்கும். எல்லாமே துடித்தன. சேற்றைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். டேஷ்போர்டுத் திரையின் இடது மூலையில் சிவப்புக் கோடு அப்படியே நின்றது. அந்தச் சென்சாரைக் கழற்றி வலது மூலையில் மாட்டினான். கோளாறு அதில் இருந்தால், அதனோடு வலப்பக்கம் போக வேண்டும்.

போகவில்லை. இடது மூலைதான் கத்தியது.

பிளக்கில் ஈரமில்லை. வயரில் வெட்டில்லை. சென்சார் நன்றாக இருக்கிறது, வயரும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் கார் பொய் சொல்லவில்லை.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். தகரக் கூரையில் தூறல் சடசடத்தது. வெகுநாள் மூடிக் கிடந்த ஈரத்துணியின் வாடை எங்கிருந்தோ வந்தது. திரையைப் பார்த்தபடி இருந்தான். இடது மூலைச் சிவப்பு அணைந்தது, நடுவில் ஏறியது, பிறகு வலது மூலையில். எதுவோ பம்பரை ஒட்டி நிதானமாக நடப்பது போல. பிறகு எல்லாம் அணைந்தது.

மௌனம்.

முன் பம்பரில் இருந்த சென்சார் கத்தியது. வலது மூலை. நடு. இடது. கண்ணாடிக்கு வெளியே தூறல் மட்டும்தான். மறுபடி வலப்பக்கம் திரும்பியது. மறுபடி மௌனம்.

பக்கவாட்டில் சென்சார் கிடையாது.

அவன் பக்கம்தான் நிற்கிறது. கையை நீட்டிக் கதவைப் பூட்டினான். வெளிக் கைப்பிடி மெல்லத் தூக்கப்படும் சத்தம். மெல்ல இறங்கும் சத்தம்.

வாசலில் சின்னவனின் சிரிப்புக் கேட்டது. உடனே பின்னால், இடது மூலையில், சிவப்பு.

பெரியவன் கதவைத் திறந்து கீழே குதித்து, தனக்குப் பின்னால் அறைந்து சாத்தினான். சொல்லிவிட வேண்டும். இந்தக் காரைத் தொடாதே என்று சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தான்.

"முடிஞ்சுதா மாமா?" என்றாள் தம்பி மனைவி. "இவரு சொல்லிட்டே வந்தாரு, பாவம், அண்ணனுக்கு நாமளாவது வேலை குடுக்கணும்னு."

பாவம். அந்த ஒரு சொல் நெஞ்சில் போய்த் தைத்தது. பெரியவன் வாயை மூடிக்கொண்டான். கதவைத் திறந்து உள்ளே குனிந்து, பீப் ஒலிக்கும் சிறு டப்பாவின் பிளக்கைப் பிடுங்கினான்.

"சரியாயிடுச்சு. எடுத்துட்டுப் போ. திரையில சிவப்பு தெரிஞ்சா கண்டுக்காதே."

குட்டி பின்கதவைத் திறந்து பையை உள்ளே எறிந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"பெரியப்பா, அடுத்த தடவை நீங்களும் எங்களோட வரணும். ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்."

அவள் தலைக்கு மேலாக அவன் காரைப் பார்த்தான். பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. காரின் பின்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. யாரோ ஏறினாற்போல.

கை நீட்டுவதற்குள் குட்டி ஓடிப்போய் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவன் வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் போட்டான்.

"அட, சிவப்பே இல்லண்ணா! சுத்தமா இருக்கு!"

கார் பின்வாங்கித் திரும்பியது. பெரியவன் கத்திக்கொண்டே ஓடினான். கூரையின் சடசடப்பில் குரல் காரை எட்டவில்லை. ஆட்டிய கையைப் பார்த்து, வழியனுப்புகிறான் என்று நினைத்த சின்னவன் ஹாரன் அடித்தான்.

ஜன்னல் வழியே குட்டி தெரிந்தாள். பக்கத்துக் காலி இருக்கையை நிமிர்ந்து பார்த்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு, கதவோரம் கொஞ்சம் நகர்ந்தாள்.

இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள்.

இன்னும் கொஞ்சம். கன்னம் கண்ணாடியில் அப்பி, வெளுத்து, நசுங்கும் வரை.