புறப்படாத மடல்

கூதிர்ப் பருவம் முதிர்ந்து நின்றது. மழை ஓய்ந்தும் மேகம் கலையவில்லை. வாடைக் காற்று வீடுதோறும் சாளரங்களைத் தொட்டுப் பார்த்து, எவரையோ தேடி ஏமாந்ததுபோல் திரும்பிச் சென்றது. பிரிந்தவரை நினைப்பதற்கென்றே இறைவன் வகுத்த பொழுதோ எனத் தோன்றிய அந்தப் பிற்பகலில், கணினி பழுதுபார்ப்பவர் மூன்றாம் மாடியின் அழைப்புமணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த அம்மாள் அவரை உள்ளறைக்கு அழைத்துச் சென்று, மேசைமேல் இருந்த மடிக்கணினியைக் காட்டினார்.

"என் சின்னவனோடது. அவன் போய் நாப்பது நாளாச்சு. அண்ணனோட சண்டை போட்டுட்டு மழையில வண்டிய எடுத்தான், திரும்பி வரல. தன்னாலதான்னு பெரியவன் தன்னையே தின்னுக்கிட்டிருக்கான், வீட்டுப் பக்கமே வர்றதில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி சின்னவன் அவனுக்கு ஏதோ மெயில் எழுதியிருக்கான். அது போகாம உள்ளேயே நிக்குது."

"நீங்களே படிச்சுச் சொல்லிடலாமேம்மா?"

"அண்ணனுக்கு எழுதினதை நான் பிரிக்கலாமா தம்பி? திட்டியிருந்தாலும் அது அவனுக்குத்தான் போய்ச் சேரணும்."

திரையில், இணையத்தோடு இணைக்கும் வைஃபை அடாப்டரின் பெயருக்கருகே மஞ்சள் முக்கோணம் ஒன்று நின்றது. 'இச்சாதனத்தைத் தொடங்க இயலவில்லை.' அவர் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவினார், அணைத்து உயிர்ப்பித்தார். மறுபடியும் அதே வரி.

"ரொம்ப அடம் பிடிக்குதும்மா."

"அவனோடதாச்சே! அவனை எழுப்பவே நான் மூணு தடவை கத்தணும்."

சிரிக்க முயன்ற அம்மாளின் உதடுகள் பாதியிலேயே துவண்டன.

இனித் திறந்து பார்ப்பதே வழி. தொழில்முறைப்படி கணினியை அணைத்து, மூடிக் கவிழ்த்து, அடித்தகட்டை அகற்றி, பேட்டரியைக் கழற்றி வேறாக வைத்தார். கைவிளக்கை நெருக்கிப் பிடித்தார்.

அடாப்டர் கார்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

இல்லாத ஒன்றின் பெயரை இவ்வளவு நேரம் திரையில் காட்டியது எது?

"அம்மா... இதுல கார்டே இல்லையே."

மழையில் நனைந்த துணியின் வாசனை அறையில் மெல்லப் பரவியது.

கணினிக்குள் விசைப்பலகையின் ஒரு விசை தட்டும் ஓசை கேட்டது.

பேட்டரி மேசைமேல் கிடந்தது; மின்கம்பியும் செருகப்படவில்லை. ஆயினும் மூடிய கணினியின் விளிம்பிலிருந்து நீல ஒளி கசிந்தது.

அவர் அதை நிமிர்த்தித் திறந்தார். 'அண்ணாவுக்கு' என்ற தலைப்போடு நாற்பது நாள் காத்திருந்த மடல், இருவர் கண்ணெதிரே மறைந்தது.

அம்மாளின் கைபேசி ஒலித்தது. பெரியவன்.

"அம்மா! தம்பிகிட்டேர்ந்து மெயில் வந்திருக்கும்மா." குரல் உடைந்தது. "'கோவத்துல கத்திட்டேண்ணா, மனசுல வச்சுக்காத. ஒரு சுத்து போயிட்டு வந்துடறேன், சேர்ந்து சாப்பிடலாம்'னு எழுதியிருக்கான். ஆனா எப்படிம்மா? அவன் ஒழுங்கா படிக்கட்டும்னு வைஃபை கார்டை நான்தான் கழட்டினேன். சண்டையே அதுக்குத்தான். அது இப்பவும் என் கையிலதாம்மா இருக்கு."

அம்மாள் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வீட்டுக்கு வாடா."

"வர்றேம்மா. இப்பவே வர்றேன்."

திரை அணையவில்லை. புதிய மடல் ஒன்று தானே திறந்தது. 'அம்மாவுக்கு' என்று எழுத்து எழுத்தாய் விழுந்தது. அதற்குக் கீழே வெற்று வரியில் சுட்டி துடித்து நின்றது.

பழுதுபார்ப்பவர் திருப்புளியைக் கீழே வைத்துக் கைகூப்பினார். அம்மாளும் கண்மூடிக் கைகுவித்து, இறைவன் திருவடியை மனத்துக்குள் நினைந்தார். பின்னர் ஒளிரும் திரையின்மேல், ஒரு தலையை வருடுவதுபோல், உள்ளங்கையை வைத்தார்.

"எழுத வேணாம் கண்ணா, எனக்குத் தெரியும். நீ எங்க இருந்தாலும் நல்லா இருடா."